கவுன் அக்காவின் கறுப்புப் புடவை

கோர்ட்டுக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற தையற்கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவளே நினைவுபடுத்திக்கொள்வாள். மற்றபடி ஊர் உலகத்துக்கெல்லாம் அவள் கவுன் அக்கா. வக்கீல்கள் தோளில் மாட்டிக்கொண்டு, வராந்தாவில் காற்று வாங்கவிட்டபடி நடக்கிறார்களே, அந்தக் கறுப்பு கவுனைத் தைப்பவள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு விபத்தில்தான். அவள் வீட்டுக்காரர் கோர்ட் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவர். காலையிலிருந்து மாலைவரை "மேலயா, கீழயா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதற்குமேல் பேச்சு வராத மனிதர். ஒருநாள் ஒரு வக்கீலின் கவுன் லிஃப்ட் கதவில் மாட்டி டர்ரென்று கிழிந்துவிட்டது. தன் தலைதான் உருளும் என்று பயந்த அவர் அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்துவந்தார். கிழிந்தது எந்த இடம் என்று கவுனின் சொந்தக்காரரே தடவித் தடவித் தேடும்படி தைத்துக் கொடுத்தாள் அக்கா. அடுத்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் கடை பிடிக்க வேண்டியதாயிற்று.

கை எவ்வளவு சுத்தமோ, வாய் அவ்வளவு மோசம். மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசத் தெரியாது என்று அவள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அது பெருமையா என்பதைக் கேட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். நீதிபதிக்கு முன்னால் மணிக்கணக்கில் வாதாடுகிற பெரிய வக்கீல்கள் அவள் அளவு நாடாவுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு கப்சிப்பென்று நிற்பார்கள். "போன தடவையைவிட இடுப்பு ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு. உங்க கட்சிக்காரர் இளைச்சிருப்பாரே" என்பாள். அவர்களும் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போவார்கள். தையல் அப்படி.

ஆனால் சம்பந்தி வீட்டில் அந்தத் தையல் காப்பாற்றவில்லை.

அவளுக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்த்த பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வீட்டார் வேறு பாஷைக்காரர்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். பையனின் அம்மா மருந்துக் கடையில் இருப்பவர். தமிழ் நன்றாகவே பேசுவார், ஒவ்வொரு சொல்லையும் மாத்திரை எண்ணி வைப்பதுபோலத் தனித்தனியாக எடுத்து வைத்து.

கல்யாணத்தன்று மாலை மாற்றி முடிந்து எல்லோரும் போட்டோவுக்கு நிற்கும்போது, அக்காவின் கண் சம்பந்தியம்மாவின் ரவிக்கைக் கையில் போய் நின்றது. வலது கை ஒரு விரல்கடை தூக்கலாக இருந்தது. மற்றவர்களாக இருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். அக்காவால் முடியுமா? "என்ன சம்பந்தி, கை இப்படி ஏறி இறங்கி நிக்குது? எந்தப் பாவி தைச்சான் இதை? என்கிட்ட குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவும் சிரித்தார். "நான்தான் தைச்சேன். மகன் கல்யாணத்துக்கு என் கையால தைச்சுப் போடணும்னு ஆசை" என்றார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குள் புகைப்படக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிவிட்டார். அந்தப் படத்தில் இரண்டு சம்பந்திகளும் பல் வலிக்காரர்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

அதற்கப்புறம் சண்டை என்று ஒன்றும் இல்லை. "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கோம்", அவ்வளவுதான். சண்டை போட்டால்கூடச் சமாதானமாகிவிடலாம். இந்த மரியாதை இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் மகள்.

கல்யாணம் முடிந்து வருகிற முதல் பொங்கல். மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துச் சீர் செய்ய வேண்டியது அக்காவின் கடமை. அங்கே பார்த்தால் அவர்களுக்கும் அதே நாளில் சங்கராந்தி, புது மருமகளுக்கு அவர்களும் செய்ய வேண்டியது இருக்கிறது. ஒரே சூரியன், ஒரே நாள், ஒரே பெண். கடைசியில் மகள்தான் வழி சொன்னாள். காலையில் எல்லோரும் அம்மா வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிடுவது, இரண்டு வீட்டு வழக்கத்தையும் அங்கேயே முடித்துவிடுவது. மாமனாருக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை, அன்றைக்கு அவருக்கு டியூட்டி. மாமியார் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பண்டிகைக்கு முன்பாக ஒரு பயிற்சிக்காக மகள் வெளியூர் போக வேண்டியிருந்தது. கிளம்புமுன் கடைக்கு வந்தவள் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு ஒருநாள் அத்தைகிட்ட எதையும் சொல்லி வைக்காத. அவங்க என்கிட்ட நல்லாத்தான் இருக்காங்க. ஆனா உன் பேச்சு வந்தா பேச்சை மாத்திடறாங்க. எனக்கு அந்த வீட்ல மூச்சு முட்டுது. நீங்க ரெண்டு பேரும் சரியானாத்தான் நான் நிம்மதியா இருக்க முடியும்."

அவள் இப்படிக் கண் கலங்கிப் பேசுகிறவள் இல்லை. ஊசியைக் கண்டு அழுகிற பெரிய பெரிய ஆட்களை அதட்டி ரத்தம் எடுப்பவள். "நான் வாயையே திறக்கல, போதுமா?" என்று மகள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை ஒரு பையைக் கடையில் கொண்டுவந்து வைத்தான். வண்டியை அணைக்காமலே வந்திருந்தான். "அத்தை, அம்மா குடுத்து விட்டாங்க. பண்டிகைக்கு இந்தப் புடவைதான் அவ கட்டணுமாம். ரவிக்கை நீங்கதான் தைக்கணும்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான்.

ஆசையாகப் பிரித்தாள். மேலே ஒரு டப்பா. திறந்தால் எள்ளுருண்டை. அதன் கீழே புடவை.

கறுப்பு.

மையிருட்டு மாதிரிக் கறுப்பு. ஓரத்தில் பேருக்கு வெள்ளிச் சரிகை. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாழ வந்த பெண்ணுக்கு, வருஷம் திரும்பாத பெண்ணுக்கு, முதல் பண்டிகைக்குக் கறுப்புப் புடவையா? கூடவே எள்ளு வேறு. எள்ளும் தண்ணீரும் யாருக்கு விடுவார்கள் என்று தெரியாதவரா அந்த அம்மா? போட்டோவுக்கு நின்றபோது சொன்ன ஒரு சொல்லை இத்தனை மாதமாக மடியில் கட்டி வைத்திருந்து, இப்போது என் பெண் தலையிலா கொட்டுவது?

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. போனை எடுத்தாள். மகள் தலைமேல் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. போனைக் கீழே வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேலயா, கீழயா?" என்று கேட்டார். அவர் பாஷையில் கோபமா, வருத்தமா என்று அர்த்தம்.

"பாதாளத்துக்கு" என்றாள் அக்கா.

புடவையைப் பார்த்துவிட்டு அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "அவங்க பக்கம் வேற மாதிரி இருக்குமோ என்னவோ. கேட்டுப் பாரேன்" என்றார். நல்ல யோசனைதான். கேட்டால் பேச வேண்டும், பேசினால் எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியாது. அதனால் அக்கா கேட்கவில்லை. பையிலேயே கடைப் பெயர் இருந்தது. மறுநாள் நேராக அந்தப் புடவைக் கடைக்குப் போய், கறுப்பைக் கொடுத்துவிட்டு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்றை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வாயே திறக்காமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எள்ளுருண்டையைக் கோர்ட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். லிஃப்டில் ஏறினவர் இறங்கினவர் எல்லாம் ஆளுக்கொன்றாகத் தின்று, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மஞ்சளுக்கு ஏற்ற ரவிக்கையைத் தைத்தாள். கழுத்துக்குப் பின்னால் குஞ்சம் வைத்தாள். அவ்வளவு அழகாக அவள் கைக்கே இதுவரை எதுவும் அமைந்ததில்லை.

பொங்கலுக்கு முந்தைய நாள் மத்தியானம் மகள் ஊரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். மஞ்சள் புடவையைத் தோளில் வைத்துப் பார்த்து, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று, அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "இது நீ எடுத்ததா? மாட்டுப் பொங்கலுக்குக் கட்டிக்கறேன். அத்தை குடுத்த கறுப்புப் புடவை எங்க? ரவிக்கை ஆயிடுச்சா?"

அக்கா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். "உனக்குக் கறுப்புன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? நானும் அத்தையும்தான் போய் எடுத்தோம். முதல் சங்கராந்திக்கு மருமகளுக்குக் கறுப்புதான் கட்டுவாங்களாம். குளிர் காலத்துல வெயிலை அது பிடிச்சு வெச்சுக்குமாம். அப்புறம் தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சர்க்கரை நகை போடுவாங்க. ஒட்டியாணம்கூட உண்டு. கறுப்புல போட்டாத்தான் அது எடுத்துக் காட்டும். அத்தை ஒரு மாசமா உக்காந்து செய்றாங்க, ஒவ்வொரு எள்ளா எடுத்து, சூடான தட்டுல பாகு விட்டு, விரலால புரட்டிப் புரட்டி. கடையில விக்குது, வாங்கிக்கலாம்னு அவரே சொன்னாரு. கேக்கல. ரவிக்கையை உங்க அம்மாதான் தைக்கணும்னு, நான் ஊருக்குப் போனப்புறம் அவங்களா போன்ல சொன்னாங்கம்மா. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? சமாதானமாகத்தான் குடுத்து விடறாங்கன்னு நெனச்சேன். எங்க அது?"

அக்கா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. "வாயைத் திறக்காதன்னுதானே சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது அக்காவுக்கு.

இருவரும் புடவைக் கடைக்கு ஓடினார்கள். கறுப்பு அன்று காலையிலேயே போய்விட்டதாம், வேறு ஒரு புது மருமகளுக்கு. "வேற கறுப்பு இருக்கா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "பண்டிகை நேரத்துல யாரும்மா கறுப்பு அடுக்கி வெப்பாங்க? அது அந்தம்மா சொல்லி வரவழைச்சது. நீங்க திருப்பிக் குடுத்தப்பவே கேக்கணும்னு நெனச்சேன். உங்க முகத்தைப் பார்த்தேன், கேக்கல." தெருக்கோடிவரை ஏறி இறங்கினார்கள். சிவப்பு, பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி என்று உலகத்தில் உள்ள அத்தனை நிறமும் இருந்தது. கறுப்பு மட்டும் இல்லை.

கடைக்குத் திரும்பி வந்து, விசிறியைப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். அக்கா தன்னைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த கவுன்கள் கறுப்பு. மேஜைமேல் வெட்டியது கறுப்பு. காலடியில் கிடந்த துண்டுத் துணி கறுப்பு. பாபினில் சுற்றியிருந்த நூல்கூடக் கறுப்பு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. இந்தக் கறுப்பில்தானே என் பெண்ணுக்குச் சோறு போட்டேன், இதில்தானே படிக்க வைத்தேன், கல்யாணமும் செய்து வைத்தேன். காலையில் கடையைத் திறந்ததும் நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற துணி இது. இதையா என் பெண் மேல் படக் கூடாதென்று தூக்கிக்கொண்டு ஓடினேன்?

எழுந்து அலமாரியைத் திறந்தாள். பெண் வக்கீல்களுக்கென்று வரவழைத்திருந்த மெல்லிய கறுப்புத் துணி, சுருள் பிரிக்காமல் இருந்தது. அகலம் புடவைக்குத் தாராளம். மேஜைமேல் உருட்டிவிட்டு, புடவை நீளத்துக்குக் கத்தரியைப் போட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"பேசாம அந்தப் பக்கத்தைப் பிடி. கோணிடப் போகுது."

சரிகைக்கு எங்கே போவது? வக்கீல்கள் கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டைக்கான துணி இருந்தது. அதை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஓரம் முழுக்க வைத்துத் தைத்தாள். முந்தானையில் மட்டும் இரண்டு வரிசை. மீந்ததில் ரவிக்கை. மெஷின் ஓடிய வேகத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கேஸ் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். விளக்கு வைப்பதற்குள் இஸ்திரி போட்டு மடித்தாயிற்று. மகள் உடுத்திப் பார்த்தாள். துணி நழுவி நழுவி நன்றாகத்தான் விழுந்தது.

"நல்லாத்தான் இருக்கு. யாராவது எதிர்ல வந்தா வாய்தா கேக்கத் தோணுது" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "அம்மா, இதையும் மறைக்காத. காலையில அத்தைகிட்ட நீயே சொல்லிடு."

"சொல்றேன்" என்றாள் அக்கா.

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் மொட்டை மாடியில் கிழக்கே பார்த்துக் கோலம் போட்டு, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய புதுப் பானையைக் கேஸ் அடுப்பில் ஏற்றினாள். இருபுறமும் கரும்பு. பக்கத்து மாடிகளில் அதற்குள்ளேயே ஆள் நடமாட்டம். எதிர்வீட்டு மாடியில் வடக்கத்திக்காரர்கள் முந்தைய நாள் மாலையில் தீ மூட்டிப் பாடிய இடத்தில் சாம்பல் இன்னும் கூட்டாமல் கிடந்தது. அடுத்த மாடியில் அப்பனும் பிள்ளையும் பட்டத்துக்கு நூல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டில் இருக்கும் கிழக்கு மாநிலத்துக் குடும்பம் குளித்துவிட்டுத் தயிரும் அவலும் வெல்லமுமாகத் தட்டில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே திசையை. அக்கா மட்டும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா மாப்பிள்ளையோடு வந்தார். கையில் பெரிய எவர்சில்வர் டப்பா. "நல்லா இருக்கீங்களா?" என்றார். "நல்லா இருக்கோம்" என்றாள் அக்கா. ஆயிரம் பேரை அதட்டின வாய். புடவையை மாற்றிவிட்டேன் என்ற ஒரே ஒரு வரி அதில் வர மாட்டேன் என்றது. வீட்டுக்காரர் தூரத்தில் நின்றபடி, சொல்லு சொல்லு என்று கண்ணால் ஜாடை காட்டினார். அக்கா பாலைக் கிளறுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

டப்பா திறந்தது. மல்லிகை மொட்டு மாதிரி, மேலெல்லாம் முள் முள்ளாகப் பூத்த வெள்ளைச் சர்க்கரை மணிகள். அதில் கோர்த்த மாலை, வளையல், தோடு, நெற்றிச் சுட்டி, ஒட்டியாணம். அக்கா ஒரு நிமிஷம் பயத்தை மறந்துவிட்டாள். இவ்வளவு நுணுக்கமான வேலையை அவள் பார்த்ததில்லை. மகளுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டினார் சம்பந்தியம்மா. கறுப்பின் மேல் அது ஜொலித்தது. எல்லாம் பூட்டி முடித்து முந்தானையைச் சரி செய்யும்போதுதான் அவர் கை ஓரத்து வெள்ளைப் பட்டையில் நின்றது. இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது நான் குடுத்தது இல்லையே" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். அதே நேரம் பானையில் பால் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. "பால், பால்" என்றான் மாப்பிள்ளை. அவன் யாரிடம் சொன்னானோ, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது அவன் அம்மாதான். நல்ல இல்லத்தரசி என்ன செய்வாளோ அதைச் செய்தார். எட்டி அடுப்பைப் பட்டென்று அணைத்து, வாயால் ஊதியும் விட்டார். விளிம்பு வரை வந்த பால் பொசுக்கென்று உள்ளே இறங்கியது.

"நல்லவேளை. இன்னும் ஒரு நொடி விட்டா எல்லாம் கீழ போயிருக்கும்" என்றார் திருப்தியாக.

இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தவர்தான். ஆனால் இந்தக் காலை வேளையில் அவர் எப்போதும் தன் வீட்டு அடுப்படியில் எள்ளு வறுத்துக்கொண்டிருந்தவர். பொங்கல் என்றால் மருந்துக் கடையில் யாராவது டப்பாவில் கொண்டுவந்து தருகிற இனிப்புச் சோறு, அவ்வளவுதான் அவருக்கு. பால் பொங்கி வழிவதற்காகத்தான் அடுப்பே ஏற்றுகிறார்கள் என்று அவரிடம் யார் சொன்னார்கள்?

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். தலைப் பொங்கல் பானை அமுங்கிப்போய்விட்டது. அக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து ஜிவ்வென்று ஏறியது. நாக்கு நுனிவரை சொல் வந்துவிட்டது. அந்த நேரத்தில் சம்பந்தியம்மாவின் விரல்கள் கண்ணில் பட்டன. கட்டைவிரலிலும் அடுத்த இரண்டிலும் பாகுச் சூடு பட்டு, கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. வலது கை. அக்காவின் பெண்ணுக்கு ஒட்டியாணம் செய்த கை.

வந்த சொல்லை அக்கா மென்று விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை. தொண்டையில் முள் மாதிரி இறங்கியது.

"அணைச்சது நல்லதாப் போச்சு சம்பந்தி. பொங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம அது பொங்கக் கூடாது" என்றாள்.

சொன்னாள். கறுப்பைப் பார்த்துத் தான் நினைத்தது, எள்ளைப் பார்த்து நினைத்தது, கடையில் மாற்றியது, கிடைக்காமல் கவுன் துணியில் வெட்டியது, எதையும் விடவில்லை. "கல்யாணத்தன்னிக்கும் நான்தான் தப்பு. எனக்குத் துணிதான் கண்ணுக்குத் தெரியும். உள்ள இருக்கற ஆள் தெரியாது. அன்னிக்கே கேட்டிருக்கணும், இன்னிக்குக் கேக்கறேன். என்னை மன்னிச்சுடுங்க. எம்பொண்ணு மேல மட்டும் எதையும் வெச்சுக்காதீங்க."

சம்பந்தியம்மா டப்பாவைக் கையில் எடுத்தார். டப்பாவின் அடியிலிருந்து ஒரு எள்ளுருண்டையை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். "எங்கள்ல இன்னிக்கு இதைக் குடுத்து, இனிமே இனிப்பாப் பேசுங்கன்னு சொல்லுவோம்" என்றார். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றையும் எடுத்து வைத்தார். "உங்களுக்கு ரெண்டு."

முதலில் சிரித்தது வீட்டுக்காரர். அவர் சிரித்து மகளே பார்த்ததில்லை. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா முந்தானையை மறுபடி தடவினார். "கடைப் புடவை யார் வேணா வாங்கலாம். நீங்க ஒரே நாள்ல நெஞ்சு பதறித் தைச்சிருக்கீங்க. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. அந்த மஞ்சள்?"

"அது உங்களுக்குத்தான். உங்க புடவைதானே, கலர் மட்டும் வேற. ரவிக்கை நான் தைச்சுத் தர்றேன்" என்ற அக்கா, ஏதோ நினைத்துக்கொண்டு, "இல்லன்னா நீங்களே தைங்க, நான் பட்டன் வெச்சுத் தர்றேன்" என்றாள்.

அப்போதுதான் மகள் மெதுவாக அடுப்பு விஷயத்தை எடுத்துச் சொன்னாள். பால் வழியத்தான் வேண்டும், வழிந்தால்தான் நல்லது, எந்தப் பக்கம் வழிகிறது என்றுகூடப் பார்ப்பார்கள் என்று. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்க கறுப்புக்கு நான் கேட்டேனா? அது மாதிரிதான்" என்றாள் அக்கா. "பால் எங்க போயிடும்? அடுப்பைப் பத்த வெச்சா திரும்ப வருது."

பற்ற வைத்தார்கள். கட்டட இடுக்கில் சூரியன் எட்டிப் பார்த்தது. பட்டங்கள் ஏறத் தொடங்கின. எல்லோரும் பானையைச் சுற்றி நின்றார்கள். பால் ஓரத்தில் முணுமுணுத்தது, நடுவில் குமிழியிட்டது, மெத்தென்று நுரை கட்டி எழுந்தது. விளிம்பைத் தொட்டதுதான் தாமதம், சம்பந்தியம்மாவின் கை தானாக அடுப்பை நோக்கிப் போயிற்று. பாவம், பாலைக் காப்பாற்றியே பழகிய கை. அக்கா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், கொப்புளத்தில் படாதபடி மணிக்கட்டில்.

"விடுங்க சம்பந்தி, வழியுதே" என்றார் அவர், பதறிப்போய்.

"வழியட்டும்" என்றாள் அக்கா. கையை விடவில்லை.